தோப்பும்படிப் பாலத்து மலை வீரன்

இல்ல டாக்டர் சாரே, கொடியில காயற அந்த ஜெர்சி சஃப்வானோடது இல்ல. எங்க வீட்டுக்காரரு இக்காவோடது. அவ்வளவு பெரிய சைஸு மருமோனுக்கு எங்க பத்தும், தொளதொளன்னுல்ல தொங்கும்? இக்கா சைக்கிள் ஓட்டமாட்டாரு. மொளகுக் கடையில உக்காரும்போது போட்டுக்குவாரு. மருமோனோட டீமு மேல அவ்வளவு இஷ்டம். நீங்க அந்தப் பக்கம் பாக்காதீங்க, இந்தக் கசேரியில உக்காருங்க, ஃபேன் காத்து நல்லா வரும்.

கோயம்புத்தூர்லேந்து எத்தன மணிக்குப் பொறப்பட்டீங்க? அய்யோ, இடப்பள்ளியில மட்டும் ஒரு மணி நேரம் நின்னீங்களா? அது அப்படித்தான். மட்டாஞ்சேரி வந்து சேர்றதுக்குள்ள பாதி உசுரு போயிரும். சாயா ஆறுது, எடுங்க. பழம்பொரியும் எடுங்க, தனி எண்ணெ வச்சுப் பொரிச்சேன். டீம் டாக்டர் வெங்கிடேஸ்வரன் வர்றாருன்னு என் மக ரஃபீனா ஃபோன்ல சொன்னதுமே, பேரக் கேட்டு நானே புரிஞ்சுக்கிட்டேன், சைவம்னு. இல்லயா? மீன் சாப்புடுவீங்களா? படச்சோனே, மொதல்லயே சொல்லியிருந்தா கரிமீன் வாங்கியிருப்பனே.

சஃப்வான் இப்ப வந்துருவான். பாலத்துக்குப் போயிருக்கான். தோப்பும்படிப் பாலம். மல ஏறுற ப்ராக்டீஸு. சிரிக்காதீங்க சாரே, கொச்சியில மலைக்கு எங்க போறது? தினம் ரெண்டாயிரம் மீட்டர் ஏறணும்னு பெல்ஜியம் கோச்சு சொல்லிட்டாரு. பாலத்துல ஒரு தடவ ஏறுனா ஏழு மீட்டர். அப்ப முந்நூறு தடவ. ஏறுவான், எறங்குவான், திரும்புவான், மறுபடி ஏறுவான். மொத வாரம் மீன் லாரிக்காரங்க வண்டிய நிறுத்தி, மோனே என்ன தொலச்சே, சாவியா பர்ஸான்னு கேட்டாங்களாம். ஒச்சப்பன்னு ஒரு டிரைவரு எறங்கி ஓரமா குனிஞ்சு குனிஞ்சு தேடவே ஆரம்பிச்சுட்டாரு. இவன் மூச்சு வாங்கறதுல பதில் சொல்ல முடியல. மறுநாளும் வந்து தேடுனாரு பாவம். கெடைக்கலன்னு இவனவிட அவருக்குத்தான் வெசனம்.

போன வருஷம் அவன் தண்ணி கொண்டு போற ஆளு. உங்களுக்குத் தெரியாததா. எங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. சம்பந்தம் பேசும்போது சைக்கிள் ரேஸ்காரன், வெளிநாட்டு டீமுன்னாங்க. கப்பு எங்கடா வச்சிருக்கேன்னு கேட்டா, என் வேல ஜெயிக்கறது இல்ல மாமீங்கறான். பின்னே? ஜெயிக்கறவனுக்குத் தண்ணி குடுக்கறதாம். தெரியாத்தனமா முன்னாடி போயிட்டா திட்டு விழுமாம். இக்கா அன்னிக்கு ராத்திரிச் சோறு சரியாச் சாப்புடல. அப்புறம் ரேஸ் நடக்கும்போது கடையில ஃபோன மொளகு மூட்ட மேல சாத்தி வச்சு பதினோரு பேரு உக்காந்து பாத்தோம். நாலு மணி நேரம். ஒரே ஒரு தடவ கண்ணுல பட்டான், முதுகுப் பக்கம் ஏழு பாட்டிலச் சொருகிட்டு. ரஃபீனா கை தட்டுனா. கடைசியில நூத்திப் பன்னெண்டு பேர்ல நூத்தி நாலாவது. எதுத்த கடை சுதர்ஷன் சேட்டு இருக்காரே, அவரு வாய வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, மிச்ச எட்டுப் பேருக்கு இவன் தண்ணி குடுக்க மறந்துட்டானாங்கறாரு.

இந்த வருஷம் அந்த மனுஷன் வாயத் தெறக்கறதில்ல. ஏன்னா இந்த வருஷம் சஃப்வான்தான் லீடர். மலேஷியாவுல எட்டு நாளு ரேஸு, அஞ்சாம் நாளு பெரிய மல, அதுக்கு இவனத்தான் நம்பியிருக்காங்க. அஞ்சு பேரு இவனுக்குத் தண்ணி கொண்டு குடுப்பாங்க. அதுல ஒருத்தன் ஜெர்மன்காரனாம். எங்க வீட்டு மருமோனுக்கு ஜெர்மன்காரன் தண்ணி குடுக்கறான், நெனச்சுப் பாருங்க!

கணக்கா? கணக்கு எனக்கு நல்லாத் தெரியும் சாரே. நான் பத்தாங் கிளாஸு மலையாளம் மீடியம், ஆனா வகுத்தல் எல்லா மீடியத்துலயும் ஒண்ணுதான? காலு எவ்வளவு பவர் தள்ளுதுன்னு சைக்கிளே எழுதிக்கும். எடைய அந்தத் தராசு எழுதிக்கும். தோ, ஃப்ரிட்ஜ் பக்கத்துல இருக்கே, கண்ணாடித் தராசு, டீமுலேந்து அனுப்புனது. காலையில ஆறு மணிக்கு வெறும் வயித்துல ஏறி நின்னா பீப்னு ஒரு சத்தம், எடை நேரா பெல்ஜியம் போயிரும். அங்க கம்ப்யூட்டரு பவர எடையால வகுத்து நம்பரு போடும். எடை கொறஞ்சா நம்பரு ஏறும். நம்பரு ஏறுனா மல ஏறலாம். நவம்பர்ல அறுபத்தொண்ணு கிலோ. டிசம்பர் கடைசியில அம்பத்தேழு. இப்ப அம்பத்திமூணு. உலகத்துலயே இந்த நம்பரு பத்துப் பேருக்குத்தான் இருக்கும்னு கோச்சு ஃபோன்லயே கூத்தாடறாரு. அவரு பேசுனா எங்க வீட்டுல எல்லாரும் ஃபோனச் சுத்தி நின்னு கை தட்டுவோம்.

தெரியும், தெரியும். கோச்சுக்கு சந்தோஷம், உங்களுக்குச் சந்தேகம். அதுக்குத்தான வண்டி புடிச்சு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. நீங்க கையெழுத்துப் போடாம அவன ஏத்தமாட்டாங்கன்னும் தெரியும். இந்த ரேஸுக்குப் போகலன்னா டீமுலேந்தே எடுத்துருவாங்க. அப்புறம் இக்கா அவனக் கடையில மொளகு பொடைக்க உக்காத்தி வச்சிருவாரு. இருவத்தாறு வயசுல அந்தத் தூசியில உக்கார்றதா? அவன் அங்க ரெண்டு நாளு இருந்ததுக்கே நூத்தி நாப்பது தும்மல் தும்முனான், ரஃபீனா எண்ணுனா. அதனால நீங்க நல்லபடியா கையெழுத்துப் போடணும் சாரே. அதுக்குத்தான் நான் காலையிலேந்து துவா செஞ்சுட்டிருக்கேன்.

என்ன சாப்புடுறானா? அது வந்து... கொறச்சுத்தான் சாப்புடுவான். இல்ல, அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிப் போயிரும். நல்லா சாப்புடுவான் சாரே! புதுமாப்ள, கல்யாணமாகி அஞ்சு மாசந்தான் ஆகுது, எங்க வீட்டுல கொறச்சுப் போட்டோம்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. காலையில அரிசி ரொட்டி, அதான் பத்திரி, ஒம்பது, கோழிக் கறி. பதினோரு மணிக்குக் கப்பக்கெழங்கும் மீனும். மத்தியானம் நெய்ச்சோறு. நாலு மணிக்கு சாயாவோட ஏதாவது பொரிச்சது. ராத்திரிக்குப் புரோட்டா, அது வெளியிலேந்து, அத நான் கணக்குல சேக்கல.

இவ்வளவும் தின்னுட்டு எப்படி எட்டு கிலோ எறங்கும்னா? பாலந்தான். முந்நூறு தடவ ஏறுனா எறங்காதா? எறங்காதா... நீங்க டாக்டரு, நீங்க சொன்னா சரிதான்.

கேளுங்க, கேளுங்க. எல்லாத்துக்கும் நானே பதில் சொல்றேன். களைப்பு இருக்கு. நாலு மாடிப்படி ஏறுனா கைப்புடியப் புடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி ஆகுது. பாலத்துலயா? பாலத்துல வராது. மாடிப்படியில வரும். அரிசி கழுவும்போது வரும். ஆமா, அவன்தான் கழுவுவான். நல்ல பையன் சாரே, அடுக்களையில ஒத்தாசையா இருப்பான்.

ராத்திரி வேர்க்குது. தலகாணி நனையற அளவுக்கு. தாகம் அவ்வளவா இல்ல. பசிதான் சுத்தமா இல்ல, ரெண்டு வாய் வச்சா வயிறு நெறஞ்ச மாதிரி ஆயிருது. அய்யோ, ஒம்பது பத்திரின்னு இப்பத்தான சொன்னேன், ஆமா. அது பழக்கத்துல சாப்புடுறது. பசியில்லாம ஒம்பது. கையெல்லாம் எளச்சு வளையல் கழண்டு விழுது. மோதிரம். மோதிரம்னு சொல்ல வந்தேன்.

எவ்வளவு நாளாவா? ரெண்டர மாசம் இருக்கும். இல்ல, வேற டாக்டர்கிட்ட போகல. யாரும் கவனிக்கல சாரே. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. காலையில பீப்னு சத்தம் கேட்டதும் எல்லாரும் நம்பரத்தான் பாப்பாங்க. முந்நூறு கிராம் கொறஞ்சிருக்குன்னா இக்கா லட்டு வாங்கிட்டு வருவாரு. ஒரு வீடே கை தட்டும்போது எனக்கு பயமா இருக்குன்னு யாரு சொல்லுவா?

இப்படியெல்லாம் இருந்தா என்னவா இருக்கும்? ஷுகரா, தைராய்டா... வேற ஏதாவதுன்னா என்ன? அந்த வேற ஏதாவதச் சொல்லுங்க. டெஸ்டு எடுத்தாத்தான் சொல்ல முடியுமா. சரி, எழுதுங்க. எழுதுங்க. நான் பேசாம இருக்கேன்.

அப்ப கையெழுத்து டெஸ்டு பாத்துட்டுத்தான். ம்.

அது அவன் பெல்லு. வாசல் கேட்டுல சைக்கிளச் சாத்தறான். காலக் கழுவிட்டு வர ரெண்டு நிமிஷம் ஆகும். பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரிஞ்சிரும், அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அவனுக்கு ஒரு நோவும் இல்ல சாரே. அவன் எழுவத்தினாலு கிலோ. தெனமும் தராசுல ஏறறது நான்.

கோச்சுக்காதீங்க. இது திட்டம் போட்டுச் செஞ்சதில்ல. கல்யாணத்துக்கு விருந்து விருந்துன்னு நாப்பது நாள்ல அவன் எட்டு கிலோ ஏறிட்டான். கோச்சு ஃபோன்ல கத்துனாரு. இவன் சோத்துத் தட்ட அப்படியே நகத்தி வச்சுட்டு எழுந்துட்டான். புதுமாப்ள எங்க வீட்டுல தட்ட நகத்தறதா? ஒரே ஒரு நாளுன்னு நான் ஏறி நின்னேன். அறுபத்தொண்ணு காட்டுச்சு. அவனோட ரேஸு எடையும் அறுபத்தொண்ணாம், அல்லா போட்ட கணக்கப் பாருங்க! அங்க பெல்ஜியத்துல எல்லாருக்கும் நிம்மதி, இங்க எனக்கும் நிம்மதி, அவன் உக்காந்து நெய்ச்சோறு சாப்புட்டான். அப்புறம் மறுநாளும் ஏறுனேன். அதுக்கடுத்த நாளும்.

மொதல்ல ரெண்டு கிலோ கொறஞ்சப்ப எனக்கே பெருமையா இருந்தது. மாமி எனக்காக டயட்டு இருக்காங்கன்னு ரஃபீனாகிட்ட சொல்லி இவன் அழுதானாம். நான் டயட்டெல்லாம் இருக்கல சாரே. கூட ரெண்டு தோச தின்னு பாத்தேன், ராத்திரி நெய் ஊத்திப் பாலு குடிச்சுப் பாத்தேன். நிக்கல. மடியில ரெண்டு கிலோ மொளகக் கட்டிக்கிட்டு ஏறலாம்னு ஒரு நாளு பொட்டணம் கூடக் கட்டிட்டேன். அன்னிக்குத்தான் அவன லீடராக்கிட்டோம்னு ஃபோன் வந்தது. அப்புறம் எப்படிக் கட்டுவேன்? நான் எளைக்க எளைக்க அவன் லீடரு, உலகத்துல பத்துல ஒருத்தன். அவன் காலு, என் எடை. அப்படி ஒருத்தன் எங்கயும் கெடையாது சாரே, உங்க மலேஷியாவுலயும் கெடையாது.

ஆனா காலு நெசம். அந்தப் பாலம் நெசம். லீடராக்க வேணாம், தண்ணி கொண்டு போகவாவது அனுப்புங்க. ரெண்டு வாரம் அவனுக்குக் கஞ்சிதான், நானே போடறேன், எவன் என்ன சொன்னாலும் சரி. கோச்சுகிட்ட தராசு கெட்டுப் போச்சுன்னு சொல்லிடுங்க. பொய் சொல்லமாட்டீங்களா? அப்ப நெசத்தையே சொல்லுங்க, ஆனா கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க.

அய்யோ, அந்தச் சீட்டக் கிழிக்காதீங்க! டெஸ்டெல்லாம் எழுதுனது இருக்கட்டும். சஃப்வான், இருவத்தாறுன்னு மேல போட்டிருக்கீங்கல்ல, அத மட்டும் அடிச்சுட்டு ஜுமைலா, நாப்பத்தொம்பதுன்னு எழுதுங்க. சீக்கிரம், அவன் உள்ள வர்றதுக்குள்ள.