தோளுயரத் தக்காளி

தக்காளிச் செடியை நான் என் தோளுக்கு மேல் வளர விடுவதில்லை, மேடம். உட்காருங்கள், அந்த நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது. தோளுயரம் வந்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். இலைக்கும் தண்டுக்கும் நடுவில், கக்கத்தில் முளைக்கிற கிளைகளையும் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செடி அது பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும், காய் கைக்கு எட்டாது. கத்தரிக்கோல் எல்லாம் வேண்டாம். நகமே போதும். செடிக்கு வலிக்காதா என்று வேணி ஒருநாள் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேணியைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள், தெரியும். வரிசையாகச் சொல்கிறேன். அந்தப் பெண் போலீசை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் அமிர்தலிங்கம் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் இருந்தார். ஓய்வு பெற்றதும் அரியலூரில் இந்த வீட்டைக் கட்டினார். கட்டிக் குடிவந்த மறுவருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். பையன் இளவரசன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். பேத்தி கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். மற்ற நாளில் இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது டி.வி.தான். ஒருநாள் காலையில் பால்காரர் கூப்பிட்டார், பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை, அதனால் கட்டிப்போயிருந்தது. எனக்குத் தனியாக இருப்பது பிடிக்கவே பிடிக்காது, மேடம். அதை மறைக்க ஒன்றும் இல்லை.

வேணி பக்கத்து வீட்டுக் கண்ணையனின் மூத்த மகள். டவுனில் ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வேலை. அவள் அப்பா பெரம்பலூர் நர்சரியில் வாங்கிய தக்காளி நாற்று மிஞ்சிப்போய், அதைக் கொடுக்கத்தான் முதலில் இந்த மாடிக்கு வந்தாள். அப்புறம் தினமும் சாயங்காலம் வர ஆரம்பித்தாள். லாரி போகிற ரோடு இது. இலை எல்லாம் சிமெண்ட் தூசி படிந்து வெள்ளையாக நிற்கும். ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள்.

“என்ன பெரிம்மா, செடிக்கெல்லாம் பவுடர் பூசி வச்சிருக்கீங்க? எங்க கல்யாணத்துக்கு அனுப்பப் போறீங்க?”

“மொதல்ல நீ மூஞ்சியக் கழுவுடி. செடியே பரவால்ல.”

இப்படித்தான் பேசிக்கொண்டிருப்போம். அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் எனக்குச் சிரிப்பு இருக்கும். அதற்காகவே மதியத்திலிருந்து காத்திருப்பேன். என்னைப் பெரியம்மா என்று கூப்பிட இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

பிறகு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதோடு விடமாட்டார்கள். நாலு நாள் கழித்து, குடிக்கத் தண்ணீர் கேட்கிற மாதிரி பக்கத்து வீட்டுக்கு வருவார்கள். பெண் எப்படி, குணம் எப்படி என்று மெதுவாக விசாரிப்பார்கள். பக்கத்து வீடு என்றால் நான்தான். மறுபக்கம் காலி மனை.

முதலில் ஜெயங்கொண்டத்துக்காரர்கள் வந்தார்கள். பையனின் அம்மா. நல்ல மாதிரியான மனுஷி. மோர் கொடுத்தேன்.

“தங்கமான பொண்ணுங்க,” என்றேன். “மாத்திரைய மட்டும் ஒழுங்காப் போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. வேணிக்கு ரத்தம் குறைவு, டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். இந்த மாடியில், என் கையால் தண்ணீர் வாங்கித்தான் பலநாள் போட்டுக்கொண்டாள். என்ன மாத்திரை என்று அந்த அம்மா கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

உடையார்பாளையத்துக்காரர்களும் கேட்கவில்லை. குரும்பலூர்க்காரர்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு இடமும் தட்டிப்போகும்போது வேணியின் அம்மா பாப்பாத்தி என்னிடம்தான் வந்து அழுவாள். “எம்பொண்ணுக்கு என்ன கொறக்கா? ஏன் யாருமே சரின்னு சொல்ல மாட்டேங்கறாங்க?” என்பாள். காப்பி போட்டுக் கொடுத்து முதுகைத் தடவி விடுவேன். எனக்கும் கண் கலங்கும். நான் நடிக்கவில்லை. சாயங்காலம் வேணி வழக்கம்போல வருவாள், துணியை நனைப்பாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், சிரிப்பு குறைந்திருந்தது. ஆனால் வந்தாள்.

கடைசியாகப் பெண் பார்த்துவிட்டுப் போன முத்தமிழ்செல்வன் ஒருவன்தான் கேட்டான். ஓசூரில் வேலை, பைக்கில் தனியாக வந்தான். அவனிடமும் அதையே சொன்னேன்.

“என்ன மாத்திரைங்க?”

சொன்னேன். வேறு வழி இல்லை.

“அட, இவ்ளோதானா? எங்கம்மாவும் அதாங்க சாப்புடறாங்க,” என்று சிரித்தான். எனக்கு அவன் மேல் இன்றைக்கும் கோபம் இல்லை. ஆனால் கொடுத்த மோரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுப் போனான்.

தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. வேணி இனிப்பு கொண்டுவந்து என் வாயில் ஊட்டினாள். ஓசூர் போனாலும் மாசம் ஒருதடவை வருவேன் பெரிம்மா என்றாள். என் பையனும் விமான நிலையத்தில் வருஷம் ஒருதடவை என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அதற்குப் பிறகு ஒரு செடியை மட்டும் கிள்ளாமல் விட்டேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக இருக்கிறதே, அந்தத் தொட்டிச் செடி. எல்லாச் செடியையும் கிள்ளுவேன், அதை விட்டுவிடுவேன். கை பரபரக்கும். அடக்கிக்கொள்வேன். தோளைத் தாண்டியது, தலையைத் தாண்டியது. குச்சிக்கு மேல் இன்னொரு குச்சி வைத்துக் கட்டினேன். கடைசியில் அதன் நுனி சுவருக்கு வெளியே தெருப்பக்கம் சாய்ந்து ஆடியது. என் வாழ்நாளில் நான் வளரவிட்ட செடி அது ஒன்றுதான்.

“வேணி, நுனி எட்டல. கொஞ்சம் ஏறிக் கட்டி விடும்மா.”

“இவ்ளோ ஒசரம் எப்புடி விட்டீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கடிந்துகொண்டே பிளாஸ்டிக் ஸ்டூலைச் சுவர் ஓரம் இழுத்துப் போட்டாள். சுவர் அவள் முழங்கால் உயரம்கூட இல்லை, நீங்களே பாருங்கள். சணல் கயிற்றைப் பல்லில் கடித்தபடி ஏறினாள். நான் ஸ்டூலைப் பிடித்திருந்தேன்.

கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நுனியை எட்டும்போது கேட்டாள், “புடிச்சிருக்கீங்களா பெரிம்மா?”

“புடிச்சிருக்கு” என்றேன்.

அதுவும் பொய் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி அது. வந்தவர்கள் ஒருவரும் அவளைப் பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை, அந்த ஓசூர்ப் பையனைத் தவிர. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதைச் சொன்னேன். சொன்னபோது என் கைகள் ஸ்டூலில் இல்லை. அவள் வெளிப்பக்கம் முழுதாகச் சாய்ந்ததும், என் காலால் ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

கீழே சாக்கடை மூடிய சிமெண்ட் பலகை. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆகாது என்றுதான் நினைத்திருந்தேன், ஒரு மாடிதானே. முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கல்யாணம் நின்றது. நான்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன், திருச்சி வரைக்கும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சொந்தப் பெரியம்மாகூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று கண்ணையன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்போது அவளால் படி ஏற முடியாது. அதனால் நான் போகிறேன். தினமும் பழம் பறித்து ரசம் வைத்து, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோகிறேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது என் தோளுக்குத்தான் வருகிறாள். தலையைக் கோதிவிட வசதியாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள், வெளிச்சம் கண்ணைக் கூசும் போலிருக்கிறது. ஒன்றும் பேசுவதில்லை. கிண்ணம் சிலநாள் அப்படியே திரும்பி வரும். மருந்தினால் நாக்கு கசந்திருக்கும் என்று பாப்பாத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை மாதம் வாயே திறக்காதவள், நேற்று முத்தமிழ்செல்வனிடம் சொல்லியிருக்கிறாள், பெரியம்மா கையை எடுத்துவிட்டாள் என்று. அவன் இன்னும் வந்துபோகிறானாம், எனக்கே நேற்றுத்தான் தெரியும். அவள் சொன்னது சரிதான். என் கால் செய்ததை மட்டும் அவள் பார்த்திருக்க முடியாது. அதனால் நானே சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளட்டும்.

வருகிறேன், மேடம். புடவை மாற்ற வேண்டியதில்லை. அடுப்பின் மேல் ரசம் இருக்கிறது, இன்றைக்கு நீங்கள்தான் வேணியிடம் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தனுப்பினேன் என்று மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவள் வாயிலேயே வைக்க மாட்டாள்.