முப்பத்து நான்காவது கிலோமீட்டர்

நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் காலணியை அரை அளவு பெரிதாக வாங்க வேண்டும். இருபது கிலோமீட்டர் தாண்டினால் கால் வீங்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவர் ஓடுவதில்லை. என் முதல் மாரத்தானில் இரண்டு கட்டைவிரல் நகங்களைப் பறிகொடுத்துத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். உங்களைப் பார்த்தால் உங்களுக்கு இந்தத் தகவல் தேவைப்படாது என்று தோன்றுகிறது, ஐயா. எழுதிக்கொண்டிருப்பவருக்கு ஒருவேளை உதவும்.

பெயர் லஸாத் பென் ரொம்தான். வயது நாற்பத்தொன்பது. காபெஸில் நில அளவையாளர். அடுத்தவன் நிலத்தில் அரை முழம் தள்ளி வேலி போட்டவர்களைக் கண்டுபிடித்துச் சொல்வது என் தொழில். இருபத்து மூன்று வருடமாக யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை. அளவு என்பது பிடிக்கிறதா இல்லையா என்று கேட்டு வருவதல்ல.

பொழுதுபோக்கு ஓட்டக்காரர் என்றால் யார் என்று கேட்டீர்கள். பரிசு கிடைக்காது என்று நன்றாகத் தெரிந்தும் கட்டணம் கட்டி ஓடுகிறவர். முதலில் வந்த கென்யாக்காரர் குளித்து, சாப்பிட்டு, ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் நாங்கள் பாதி வழியில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருப்போம். வழியெல்லாம் ஜனங்கள் கை தட்டுவார்கள். இன்னும் கொஞ்சம்தான் என்பார்கள். பத்தாவது கிலோமீட்டரிலும் அதையே சொல்வார்கள். முடிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பதக்கம். என் மனைவி ஸலூஹா அவற்றைச் சமையலறை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள், பூண்டுச் சரத்துக்குப் பக்கத்தில். "இவ்ளோ தூரம் ஓடி எங்கதான் போற? கடைசில வீட்டுக்குத்தான வர்ற" என்பாள். 

பதினொரு மாரத்தான் ஓடியிருக்கிறேன். முதலாவது நான்கு மணி நேரம் முப்பத்தொரு நிமிடம். போன வருடத் தொடக்கத்துக்குள் படிப்படியாகக் குறைந்து நான்கு மணி நான்கு நிமிடத்துக்கு வந்தேன். நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பவர் ஓட்டக்காரர், அதற்கு மேல் எடுப்பவர் வேடிக்கைக்கு வந்தவர் என்பது எங்கள் வட்டாரத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி. நான் மட்டும் சொல்வேன். அதனால்தான் எங்கள் ஓட்டக் குழுவில் என்னைக் கடிகாரம் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவர் நெஜீப்.

நெஜீப் ஸுவாரி நல்ல மனிதர். அவரைப் பற்றி இதுவரை வாக்குமூலம் கொடுத்த அத்தனை பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ரொட்டிக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரையில் நாங்கள் பதினொரு பேர் கூடும்போது ஒரு கூடை சூடான ரொட்டியோடு வருவார். கடிகாரம் கட்ட மாட்டார். ஓடும்போது பேசுவார். வழியில் மீன்காரரிடம் விலை விசாரிப்பார், யாருக்காவது காலில் பிடித்துக்கொண்டால் நின்று தேய்த்துவிடுவார். இவ்வளவும் செய்துவிட்டு எனக்கு ஒரு நிமிடம் முன்னால் முடிப்பார். நான் வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி செய்தேன். எடை போட்டுச் சாப்பிட்டேன். அவர் மாவு மூட்டை தூக்கினார், அவ்வளவுதான். இதில் எனக்குப் பொறாமை இல்லை. அளவில் தவறு இருக்கிறது என்ற சந்தேகம் மட்டும்தான்.

போன வருடம் இலையுதிர் காலத்தில், கடலோரமாக ஓடிய ஒரு மாரத்தானில், கடைசி வளைவில் திரும்பும்போது என் கடிகாரம் மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பது நொடி காட்டியது. இன்னும் இருநூறு மீட்டர். எந்தக் கணக்குப்படியும் நான் உள்ளே. நெஜீப் எனக்கு முன்னால் போனவர், கோட்டுக்குச் சற்று முன் நின்று எனக்காகக் காத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா கடிகாரம், ரெண்டு பேரும் சேந்தே போவோம். கொஞ்சம் சிரி, போட்டோ எடுக்கறாங்க."

ரொட்டி பிசைகிறவர் பிடி. விடவில்லை. புகைப்படக்காரருக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினார், என் கையும் கூடவே போனது. கூட்டம் ஆரவாரம் செய்தது. நான்கு மணி, பூஜ்யம் நிமிடம், பன்னிரண்டு நொடி. நான் அதை அவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"அதுக்கென்ன, நாலு மணிக்கு மேல போனா கதவ சாத்திருவாங்களா?"

அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தன் கடையில் மாட்டினார். ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் நான் அந்தப் பன்னிரண்டு நொடியைப் பார்த்தேன். ஐந்து மாதம் பார்த்தேன். ரொட்டி நன்றாக இருந்ததால் கடையை மாற்றவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் செய்ததற்கு அது காரணம். அதற்கு முந்தைய வருடம் மலைப்பக்கம் ஒரு போட்டியில் ஒரு பெண்மணி மயங்கி விழுந்தார். குறுகலான சாலை. ஆம்புலன்ஸ் வருவதற்காக எங்களைக் கயிறு கட்டி ஆறு நிமிடம் நிறுத்தினார்கள். மனித உயிர் முக்கியம் என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த அம்மாள் ஒரு கோப்பை சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். என் ஆறு நிமிடம் எழுந்து உட்காரவில்லை.

இப்போது ஷத் உப்பு வெளிக்கு வருவோம். ஏப்ரல் கடைசி ஞாயிறு. உப்பு வெளியின் நடுவே போகும் மேட்டுச் சாலையில் கெபிலியை நோக்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர். சாலை அகலத்தில் ஒரு பாதி போட்டிக்கு, மறு பாதி வாகனங்களுக்கு. ஒரே நேர்க்கோடு, ஏற்றம் இறக்கம் கிடையாது. நான் அளந்து பார்த்த சாலைகளில் இவ்வளவு நேர்மையானது வேறில்லை. இருநூற்று எண்பது பேர் பதிவு செய்திருந்தோம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டபோது குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஒன்பது மணிக்குத் தெற்கிலிருந்து ஷெஹிலி அடிக்கத் தொடங்கியது. அந்தக் காற்று உங்களுக்குத் தெரியும். அடுப்புக் கதவைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும். பலர் நடக்க ஆரம்பித்தார்கள். சிலர் வண்டி ஏறினார்கள். நான் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் தொப்பியை நனைத்துக்கொண்டு, கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் முப்பத்தைந்து நொடி என்று போய்க்கொண்டிருந்தேன்.

நெஜீப் தன் தண்ணீரை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். பிறகு கேள்விப்பட்டேன். நடக்க முடியாமல் இருந்த இரண்டு மாணவர்களுக்கு. ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் அவரைப் பிடித்தேன். கால்கள் பின்னிக்கொண்டு, சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தார். எனக்கு முன்னால் இருந்தவர் நானூறு மீட்டர் தள்ளி ஒரு புள்ளியாகத் தெரிந்தார். பின்னால் நடந்து வருகிறவர்கள் இன்னும் தூரத்தில். மறு பாதியில் அந்த நேரம் வண்டி எதுவும் இல்லை. நெஜீப் என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். பிறகு சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"குளுருது, கடிகாரம்" என்றார்.

முப்பத்தாறு டிகிரி. தோல் காய்ந்து சுட்டது. வியர்வை இல்லை. அதன் அர்த்தம் எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். குளிர்காலத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு மருத்துவர் வந்து முதலுதவி வகுப்பு எடுத்தார். குறிப்பு எடுத்தது நான் ஒருவன்தான். உடம்பை உடனே குளிர்விக்க வேண்டும், இருபது நிமிடம் தாண்டினால் கஷ்டம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். நெஜீப் அந்த வகுப்பில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆளக் கூப்பிடு" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

என் கைப்பேசி தோள்பட்டியில் இருந்தது. வேலை செய்ததா என்றால், செய்தது. ஆனால் நீங்கள் அந்தச் சாலையை யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் எங்கள் பக்கமாகத்தான் வர வேண்டும். கயிறு கட்டுவார்கள். என்னிடம் மிச்சமிருந்தது மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அவர் பலமான மனிதர், மூட்டை தூக்கிப் பழகியவர், கொஞ்சம் ஓய்வெடுத்தால் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நான் அதைத்தான் நினைத்தேன் என்று பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டர் மேசையில் ரஹ்மா என்ற கல்லூரி மாணவி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரப் பெண். பட்டியலில் ஒவ்வொரு எண்ணாகக் குறித்து வைத்திருந்தார்.

"அண்ணே, இருநூத்திப் பதினாலு முந்தின மேசையத் தாண்டி ரொம்ப நேரமாச்சு, இன்னும் வரலியே. ரொட்டிக்கடை நெஜீப் அண்ணன். வழியில பாத்தீங்களா?"

"அவரா? அவர் மச்சான் வண்டில ஏறிப் போயிட்டார். முடியல போல."

அவர் மச்சான் கெபிலியில் இருக்கிறார், அது உண்மை. வாகனங்கள் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தன, அதுவும் உண்மை. அந்தப் பெண் வாக்கி டாக்கியில் இருநூற்றுப் பதினாலு விலகினார் என்று சொன்னது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வண்டி அவரைத் தேடவில்லை. தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. இதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தப் பெண்ணை எல்லோரும் திட்டுகிறார்கள்.

மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பத்தேழு நொடி. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. பதக்கம் போட்டார்கள், பேரீச்சம்பழமும் மோரும் கொடுத்தார்கள். நான் ஸலூஹாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப இனிமே ஓட மாட்டதான?" என்றாள்.

மாலைத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், உப்பு வெளியில் சுற்றுலாக்காரர்களுக்குப் பாலைவனக் கற்கள் விற்கிறவர் தன் ஓலைக் கடையைப் பார்க்க வந்தபோது நெஜீபைக் கண்டெடுத்தார். உயிர் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. நான் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் மனைவி மப்ரூக்கா எங்கள் குழு முழுவதற்கும் குஸ்குஸ் பரிமாறினார். என் தட்டில் வைக்கும்போது கேட்டார்.

"நீங்க அவருக்குப் பின்னாடிதான வந்தீங்க அண்ணே. அவர் விழுந்தது கண்ணுல படலியா?"

இல்லை என்றேன். இன்னொரு கரண்டி வைத்தார்.

இதெல்லாம் நான் சொல்லாமலே போயிருக்கலாம். மச்சான் தன் வண்டியில் யாரும் ஏறவில்லை என்று சொன்னார். நான் வேறு யாரையோ பார்த்து ஏமாந்திருப்பேன் என்று எல்லோரும் தலையாட்டிக்கொண்டார்கள். பாவம், களைப்பில் இருந்திருப்பான் என்றார்கள். இரக்கத்துக்கு எங்கள் குழுவில் குறைவில்லை. ஆனால் போன வாரம் ஏற்பாட்டுக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. பாதையில் ஒரு மரணம் நேர்ந்ததால், பாதுகாப்பு ஏற்பாடுகள் போதவில்லை என்று ஒப்புக்கொண்டு, இறந்தவருக்கு மரியாதையாக, அந்தப் போட்டியின் முடிவுகள் அனைத்தையும் ரத்து செய்கிறார்களாம். யாருக்கும் நேரம் கிடையாது. மூன்று தடவை எழுதினேன். அனுதாபத்தோடு பதில் போட்டார்கள்.

எனக்கு அநியாயம் பொறுக்காது, ஐயா. பாதுகாப்பு போதுமானதாக இருந்தது. மேசை சரியான இடத்தில் இருந்தது. வாக்கி டாக்கி வேலை செய்தது. அந்தப் பெண் கேட்க வேண்டியதைக் கேட்டார். பாதையில் குற்றமில்லை, குற்றம் என்னிடம். நடந்த தவறுக்குக் காரணம் ஒரு தனிமனிதன் என்று உங்கள் அறிக்கையில் வந்துவிட்டால், ரத்து செய்ய அவர்களுக்குக் காரணமே இருக்காது. இதற்காகத்தான் நானே பேருந்து பிடித்து வந்தேன். யாரும் என்னைக் கூட்டிவரவில்லை.

சாலை ஓரத்தில் உட்கார்ந்தவர் ஓலைக் கடைக்குப் பின்னால் எப்படிப் போனார் என்று கேட்கிறீர்கள். உப்பில் இரண்டு குதிகால் கோடுகள் இருக்கும் படத்தை இத்தனை நேரமாக என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. சொல்கிறேன். மேட்டுக்குக் கீழே பதினைந்து மீட்டரில் அந்தக் கடை, காலியாக இருந்தது. அவருக்கு நிழல் வேண்டும் என்று எனக்குப் பட்டது. அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போனேன். சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில் கிடத்தினேன். நிழல் அந்தப் பக்கத்தில்தான் இருந்ததா என்று கேட்காதீர்கள். காலை பத்து மணிக்கு வெயில் எந்தப் பக்கம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பின்னால் நடந்து வருகிறவர்கள் பார்த்திருந்தால் கூப்பாடு போட்டிருப்பார்கள். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "உன்னப் பெத்தவங்கள அல்லா நல்லா வெக்கட்டும்" என்றார். தெளிவாகத்தான் பேசினார்.

நான் அவருக்கு எதுவுமே செய்யவில்லை என்று இந்த அறிக்கையில் வந்துவிடக் கூடாது. என் கடிகாரப் பதிவில் பாருங்கள், அந்தக் கிலோமீட்டரில் ஒரு நிமிடம் ஐம்பது நொடி நிற்கிறது. அது நான் அவருக்குக் கொடுத்தது. கொடுக்காமல் இருந்திருந்தால் என் நேரம் மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடம் ஐம்பத்தேழு நொடி. அதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.