பேப்பர் கிழிக்கிற சத்தம்

இல்ல டாக்டரம்மா, உக்காரல. நின்னுக்கிட்டே சொல்லிடுறேன். உக்காந்தேன்னா வாய் அடைச்சுக்கும். நர்ஸம்மா அஞ்சு நிமிஷம்னு சொல்லித்தான் உள்ள விட்டாங்க. ஆமா, ஏழாம் நம்பர் கட்டில். ஆறு வயசுப் பொண்ணு. நான் அவ அப்பா.

மூணு நாளா ஊசி போட்டும் காய்ச்சல் எறங்கலன்னு பெரிய டாக்டர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தீங்க. கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டேன். தப்புதான். வெளியில ஏதாவது சாப்பிட்டாளா, கண்ட தண்ணியக் குடிச்சாளான்னு மறுபடியும் கேக்காதீங்கம்மா. அதெல்லாம் ஒண்ணுமில்ல.

என் வேலையா? எலி பாக்குறது. சிரிக்காதீங்க, நெஜமாத்தான். ஆராய்ச்சிக் கூடத்துல சுண்டெலிக் கூண்டு மாத்துறது, தண்ணி பாட்டில் கழுவுறது. பதினொரு வருஷமாச்சு.

அங்க ரெண்டு வகை எலி இருக்கு. பாத்தா ஒண்ணு போலவே இருக்கும். காதுல போட்ட வெட்டு மட்டும்தான் வித்தியாசம். ஒரு வகைக்கு ஒடம்புல கிருமிய எதுத்து நிக்கிற ஏதோ ஒரு ஜீன் சரியில்லையாம். காவக்காரன் இல்லாத வீடுய்யா அதுன்னு எங்க கண்ணாடிக்காரர் சொல்வாரு. ஆராய்ச்சி பண்றவரு, எனக்கு அதிகாரி. ரெண்டு வகைக்கும் ஒரே கிருமிய, ஒரே அளவு வாயில விடுவாரு. காவக்காரன் இல்லாதது ஒரு வாரத்துல போயிடும். இன்னொண்ணு, எதுவுமே நடக்காத மாதிரி தின்னுட்டுத் திரியும்.

எது போகப்போகுதுன்னு அவரு எடை போட்டுப் பாக்குறதுக்கு முன்னாடியே நான் சொல்லிடுவேன். எப்படின்னா, கூண்டுக்கு ஒரு துண்டு பேப்பர் போடுவோம். நல்லா இருக்கிற எலி அத நார் நாராக் கிழிச்சுக் கூடு கட்டிக்கும். காலையில பேப்பர் போட்டது போட்டபடி கெடந்துச்சுன்னா, அது அவ்வளவுதான். ஒரு தடவகூடத் தப்பினதில்ல. என்ன ஜோசியரே, இன்னைக்கு யாருன்னு கேப்பாரு கண்ணாடிக்காரர்.

என் பொண்ணு போர்வையத் தலைக்கு மேல இழுத்து, ரெண்டு பக்கமும் சொருகி, மூக்கு மட்டும் வெளிய தெரியறாப்ல படுப்பா. எந்த வெயிலா இருந்தாலும் அப்படித்தான். நேத்துக் காலையில நர்ஸம்மா வெச்ச போர்வ, இந்நேரம் வரைக்கும் கால்மாட்டுல மடிப்புக் கலையாம இருக்கும்மா.

விஷயத்துக்குத்தான் வரேன். கடிகாரத்தப் பாக்காதீங்க.

சோதனை முடிஞ்சா, பொழச்ச எலியையும் கொன்னுடணும். அது என் வேலை. போன மாசம் ஒண்ணு, வலது காதுல ரெண்டு வெட்டு. கிருமி உள்ள போயி அம்பது நாள் தாண்டியும் கொழுகொழுன்னு இருந்துச்சு. என் கைய மோந்து பாத்துட்டு அப்படியே உள்ளங்கையில தூங்கிப்போச்சு. ஜெயிச்சவனப் போயி எப்படிம்மா கொல்றது? கிருமியத் தின்னு செரிச்சுட்டான்னு நெனச்சேன். பதினொரு வருஷம் பாத்த திமிரு. வீட்டுல என் பொண்ணு, அவ அம்மா போனதுலேர்ந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தா நான் வர்ற வரைக்கும் சுவரோடதான் பேசிக்கிட்டிருப்பா. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாப்பாங்க, அவ்வளவுதான். நோட்டுல கொன்னாச்சுன்னு எழுதிட்டு, சட்டைப் பையில போட்டு அவளுக்காக வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்.

துரைன்னு பேரு வெச்சா. ஒரு வேலையும் செய்யாம வேளா வேளைக்குச் சாப்பிடுறானாம். தன் தட்டுலயே வெச்சு அவனுக்கும் ஊட்டுவா.

இருங்க, இருங்க, முழுசாச் சொல்லிடுறேன். நேத்து கண்ணாடிக்காரர்கிட்ட சும்மா கேக்குற மாதிரி கேட்டேன், பொழச்ச எலி ஒடம்புல கிருமி இருக்காதுல்லங்க ஐயான்னு. இருக்கும்யா, அடக்கி வெச்சிருக்கும், புழுக்கையில வந்துக்கிட்டேதான் இருக்கும், அதனாலதான கொல்லச் சொல்றோம்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு, எழுதிக்கோங்க. மத்த கிருமியிலேர்ந்து இதப் பிரிச்சுக் கண்டுபிடிக்கணும்ல, அதுக்காகச் சில மருந்து இதுக்குக் கேக்காத மாதிரி பண்ணி வெச்சிருக்காங்களாம். அந்தக் கூண்டோட அட்டைய எடுத்துட்டு வந்துட்டேன். பாருங்க, ரெண்டாவது வரியில அந்தக் கேக்காத மருந்தோட பேரு. நர்ஸம்மா சீட்டோட வெச்சு எழுத்துக் கூட்டிப் பாத்தேன். மூணு நாளா நீங்க போடுறதும் அதே மருந்துதானம்மா?

கையெழுத்து வேணும்னா போடுறேன். போலீஸக் கூப்பிடணுமா, கூப்பிடுங்க. வேலை போச்சு, அது தெரியும். மொதல்ல மருந்த மாத்துங்க. அவ ஒடம்புல காவக்காரன் இருக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியலயேம்மா. எலின்னா காதப் பாத்துச் சொல்லிடுவேன்.

அப்புறம்… பதறாதீங்க, மூடி இறுக்கமா இருக்கு, காத்துக்கு ஓட்டை மட்டும்தான். இந்தச் சாப்பாட்டு டப்பாவுல அவன் இருக்கான். சோதிச்சுப் பாக்க வேணும்ல, அதான் கொண்டுவந்தேன். பேப்பர் எதுவும் இல்ல, வாசல்ல குடுத்த அனுமதிச் சீட்டத்தான் உள்ள போட்டேன்.

கேக்குதா? கிழிக்கிறான்.