அதிக தூரம் வந்தவர்

அண்ணி: மெதுவா... மெதுவா இழுடி! பூட்ஸோட சேத்துக் காலையும் கழட்டிடுவ போலிருக்கே.

நாத்தனார்: கணுக்கால் வீங்கியிருக்கு அண்ணி. நீங்களும் ஒரு கை புடிங்க.

அண்ணி: கை எங்க இருக்கு? ஹேண்டில்பாரை இறுக்கிப் புடிச்சு முழங்கைக்குக் கீழ ரெண்டும் மரக்கட்டையாட்டம் ஆயிடுச்சு. விரலை மடக்க முடியல. தண்ணி பாட்டில் மூடியோட அரை மணி நேரமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன்.

நாத்தனார்: கொடுங்க இப்படி... இந்தாங்க. குடிச்சிட்டு வண்டியில படுங்க. பைக்கை நான் ஏத்திக் கட்டுறேன். வெயில் இறங்குறதுக்குள்ள கிளம்பிடலாம்.

அண்ணி: கிளம்புறதா? என் டயர் வராம நான் இங்கேருந்து அசைய மாட்டேன்.

நாத்தனார்: அது எப்போ உங்க டயர் ஆச்சு?

அண்ணி: 'அதிக தூரத்துலேருந்து வந்தவருக்கு ஒரு ஜோடிப் புது டயர்'னு மைக்குல சொன்னானா இல்லையா?

நாத்தனார்: சொன்னாரு...

அண்ணி: நம்மள விட எவ தூரம் வந்தா? எவன் வந்தான்? ரெண்டு ராத்திரி, நடுவுல ஒரு முழுப் பகல். ரொட்டி வண்டியில, ரொட்டித் தட்டுக்கு நடுவுல பைக்கைக் கட்டி, அது பக்கத்துலயே சுருண்டு படுத்து... தூக்கம் வராம இருக்க நீ பாடின பாட்டை வேற கேட்டுக்கிட்டு வந்திருக்கேன். அதுக்கே ஒரு டயர் கொடுக்கலாம்.

நாத்தனார்: என் பாட்டுக்கு என்ன குறைச்சல்?

அண்ணி: குறைச்சலே இல்ல. நிறுத்துனாத்தானே குறையும்!

நாத்தனார்: சரி விடுங்க. எவனோ வாங்கிட்டுப் போறான்.

அண்ணி: எவனோ இல்ல, அந்தச் சிவப்பு ஜெர்சிக்காரன். நேத்து மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்பினானாம், ராத்திரி சாப்பாட்டுக்கு இங்க வந்துட்டானாம். ஏசி வண்டி, ஓட்ட ஒருத்தன், துடைக்க ஒருத்தன். அவனுக்கு எதுக்குடி டயர்? தலைக்கு வச்சுத் தூங்கவா?

நாத்தனார்: கத்தாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க.

அண்ணி: பாக்கட்டும்! காலையிலேருந்து வயிறு எரியுது எனக்கு. பொம்பளைங்க பைக் ரேஸைக் கடைசியில தள்ளுனாங்க. ஆம்பளைங்க உழுது போட்ட பள்ளத்துல எங்களை ஓட விட்டாங்க. எட்டு ரவுண்டுன்னு சொல்லிட்டு மூணாவதுலயே கொடியைக் காட்டிட்டான். கேட்டா, வெளிச்சம் போயிடுமாம். வெயில் மண்டையைப் பொளக்குது, வெளிச்சம் போயிடுமாம்!

நாத்தனார்: மூணு ரவுண்டுலயே அஞ்சாவது வந்தீங்களே.

அண்ணி: எட்டு ஓடியிருந்தா ரெண்டாவது வந்திருப்பேன். அதுவும் இந்தப் பின் டயரை வச்சிக்கிட்டு. பாரு அதை... உங்க அண்ணன் தலையாட்டம் வழவழன்னு இருக்கு.

நாத்தனார்: எங்க அண்ணனை எதுக்கு இழுக்குறீங்க? அவனுக்கு ஓரத்துல கொஞ்சம் இருக்கு.

அண்ணி: டயருக்கு அதுவும் இல்ல. அடுத்த மாசம் தகுதிப் போட்டி. அதுல மூணுக்குள்ள வந்தாத்தான் பெரிய ரேஸுக்குள்ள விடுவான். இந்த டயரோட போனா முதல் மேட்டுலயே மல்லாக்க விழுவேன். புதுசு வாங்க என்னால ஆகாது, உனக்கும் தெரியும். பகல் பூரா முட்டி போட்டு ஊரார் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டுறவ நான். இலவசமா ஒண்ணு வருதுன்னா, அதுவும் நியாயமா எனக்குச் சேர வேண்டியதுன்னா, நான் எதுக்கு விடணும்? ...அதோ போறான் பாரு. ஐயா! மைக்கு ஐயா!

நாத்தனார்: அண்ணி, வேணாம்...

அண்ணி: நீ சும்மா இரு. இங்க வாங்க ஐயா, ஒரு நியாயம் கேக்கணும்!

மைக்குக்காரர்: என்னம்மா? தொண்டை கட்டிப்போச்சு, சுருக்கமா சொல்லுங்க.

அண்ணி: ரெண்டு ராத்திரி தூரத்துலேருந்து வந்திருக்கோம். டயரைத் தூக்கி அந்த ஜெர்சிக்காரனுக்குக் கொடுத்தா என்ன அர்த்தம்?

மைக்குக்காரர்: ரெண்டு ராத்திரியா? நீங்க மலைக்கு அந்தப் பக்கத்து ஊருன்னுல்ல சொன்னாங்க?

அண்ணி: யாரு சொன்னா?

மைக்குக்காரர்: இவங்கதான். நீங்க ஹெல்மெட் மாட்டிக்கிட்டு கோட்டுல நின்னப்போ ஒவ்வொருத்தர்கூட வந்த ஆளுகிட்டயும் மைக்கை நீட்டிக் கேட்டேனே. 'இதோ, மலைக்கு அந்தாண்ட'ன்னு கையைக் கூடக் காட்டுனாங்க.

அண்ணி: ஏய்... நீயா?

நாத்தனார்: மைக்கைப் பாத்த பதட்டத்துல... வாய் தவறிடுச்சு அண்ணி.

அண்ணி: வாய் தவறினா ஒரு தெரு மாறும். ரெண்டு ராத்திரி தூரமாடி தவறும்? ஐயா, இவ தூங்காம ஓட்டிட்டு வந்தவ. அரைத் தூக்கத்துல உளறியிருக்கா.

மைக்குக்காரர்: இருக்கட்டும்மா. டயர் இன்னும் மேடையிலதான் கிடக்கு. அந்த ஜெர்சிக்காரரு கிளம்புறப்போ ஒண்ணு, வந்தப்புறம் ஒண்ணுன்னு வண்டியோட கிலோமீட்டர் மீட்டரைப் படம் புடிச்சிக் காட்டினாரு. நீங்களும் மீட்டரைக் காட்டுங்க. உங்களுது அதிகமா இருந்தா மைக்குலயே மன்னிப்பு கேட்டுட்டுக் கையில தர்றேன்.

அண்ணி: அவ்வளவுதானே! வாங்க. போன வாரம் ஆயில் மாத்துன சீட்டு கண்ணாடி ஓரத்துல ஒட்டியிருக்கு, அதுல அன்னைக்கு மீட்டர் போட்டிருக்கும். கழிச்சுப் பாத்துக்குங்க. கதவைத் திறடி.

நாத்தனார்: சாவி... எங்க வச்சேன்னு...

அண்ணி: உன் கையிலதான் இருக்கு!

நாத்தனார்: இந்தாங்க... திறந்துட்டேன்.

மைக்குக்காரர்: எங்க, பாக்கலாம்... ம்... சீட்டுல இது... மீட்டர்ல இது... அம்மா, வெளையாடுறீங்களா? இந்தக் கணக்குப்படி நீங்க இன்னும் வீட்டை விட்டே கிளம்பலையே.

அண்ணி: என்னது? தள்ளுங்க, நான் பாக்குறேன்... இது எப்படி? ஐயா, இது... ஓடல போலிருக்கு...

மைக்குக்காரர்: ஓடலைன்னுதான் நானும் சொல்றேன். பாத்துப் பத்திரமாப் போயிட்டு வாங்க. மலைக்கு அந்தாண்டதானே, சீக்கிரம் போயிடலாம்.

அண்ணி: யோவ், நில்லுய்யா! நக்கலா பண்ற? ...போறான் பாரு, சிரிச்சிக்கிட்டே போறான்! ஏண்டி, உன் கண்ணு முன்னாடிதானே இருக்கு மீட்டர்? ரெண்டு ராத்திரியா முள்ளு அசையலைங்குறதுகூடத் தெரியாமலா ஓட்டுன?

நாத்தனார்: தெரியும்.

அண்ணி: என்ன தெரியும்?

நாத்தனார்: மீட்டர் கேபிளை நான்தான் கழட்டினேன். கிளம்புறதுக்கு முன்னாடி. டிரைவர் சீட்டுக்கு அடியில சுருட்டி வச்சிருக்கேன்.

அண்ணி: ...ஏன்?

நாத்தனார்: ரொட்டிக்கடை முதலாளி தினமும் காலையில மீட்டரைப் பாப்பாரு அண்ணி. ஊருக்குள்ள நான் ரொட்டி போடுற வண்டி. இவ்வளவு தூரம் ஏறியிருந்தா விடுவாரா? கடை ஒரு வாரம் மூடியிருக்கு, ஷெட்டுல சும்மாதானே நிக்குதுன்னு எடுத்துட்டு வந்துட்டேன்.

அண்ணி: அவரு சரின்னு சொன்னாருன்னு நீதானே சொன்ன?

நாத்தனார்: பொய் சொன்னேன். அவருகிட்ட நான் கேக்கவே இல்ல. மைக்குல பேசுறது அப்படியே லைவா எல்லார் ஃபோன்லயும் ஓடுது. அவரு பையனுக்கு பைக் ரேஸுன்னா சோறு வேணாம். நம்ம ஊர்ப் பேரைச் சொன்னா, அவன் பாத்துட்டு அப்பாகிட்ட சொல்லி, என் வேலை போயிடுமேன்னுதான் அண்ணி... திட்டுங்க. டயர் போனது என்னாலதான். வாயைத் திறந்து ரெண்டு திட்டாவது திட்டுங்க.

அண்ணி: திட்டாம? 'கேட்டுட்டேன்'னு நீ சொன்னப்போ தரையைப் பாத்துக்கிட்டு சொன்ன. அப்பவே தெரியும் எனக்கு. அன்னைக்கு சாயங்காலமே நான் நேராப் போய் அவருகிட்ட கேட்டேன்டி! தாராளமா எடுத்துட்டுப் போகச் சொன்னாரு, பையன்கூட எனக்குக் கை கொடுத்து அனுப்புனான். உன்கிட்ட சொன்னா ரோஷப்பட்டு வண்டியையே தொட மாட்டியேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். அந்த மனுஷன் என்ன சும்மாவா கொடுத்தாரு? கடை எதுக்கு மூடியிருக்குன்னு நெனச்ச? ரொட்டி சுடுற அடுப்பு ரூம் தரையைப் பேத்துப் போட்டிருக்காரு. அது முழுக்க நான் கூலி வாங்காம டைல்ஸ் ஒட்டித் தரணும். இன்னும் ஒரு கல்லுகூட வைக்கல, அத்தனையும் பாக்கி.