திருப்தியா இருக்கா, லோர்ன்?

திருப்தியா? இந்த ஈ-சிகரெட்டுலயா? என்னையா கேக்கற, புதுப் பொண்ணு? அட போ கண்ணு! குளிக்கிற ரூம்ல வெந்நீர் ஆவியை இழுத்த மாதிரி இருக்கு. அதுவும் மாம்பழ ஆவி! தொண்டையில ஒரு பிடி பிடிக்க வேணாம்? நெஞ்சுல நச்சுனு இறங்க வேணாம்? பத்து தடவை இழுத்துட்டு, இப்ப நான் பிடிச்சேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம். சிகரெட்டுன்னா முடியும், மிதிச்சு அணைச்சுட்டு வேலைக்குப் போலாம். இது முடியவே முடியாது, எங்க சூப்பர்வைசர் மீட்டிங் மாதிரி. சார்ஜ் வேற போடணுமாம்! தீப்பெட்டிக்கு எவனாவது ஒயர் மாட்டுவானா? ரெண்டே நாள். மறுபடி பழைய பாக்கெட்டுக்கே வந்துட்டேன்.

இந்தப் பக்கம் வந்து நில்லு, அங்க காத்து அறையும். வின்னிபெக் ஊர்ல ஜனவரி குளிருன்னா சும்மாவா? இன்னிக்குத்தான் சேந்தியா? உன் பேரு பெத்தனியா? நல்ல பேரு. நான் டோரீன். இங்க ஜன்னல் கண்ணாடி வெட்டறேன், பத்தொம்பது வருஷமா.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், லோர்ன்! சரக்குத் தூக்கற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறானே, செம்பட்டை மீசை, அவன்தான். இந்தத் தகரக் கொட்டாய்ல ஆறு வருஷமா நாங்க ரெண்டு பேரும்தான் தம் கூட்டாளி. மைனஸ் முப்பது டிகிரி குளிர்லயும் வருவான். நான் பத்த வைக்கும்போது ரெண்டு கையையும் குவிச்சு காத்தை மறைப்பான்... சும்மா, பழக்கம்தான்! ஏன் சிரிக்கிற? என் வீட்டுக்காரர் போய் எட்டு வருஷமாச்சு. அவனும் தனி ஆளு.

அப்புறம் அவனுக்கு இருமல் வந்துது. லொக்கு லொக்குன்னு, கேக்கவே பயமா இருக்கும். அப்பத்தான் இந்த ஈ-சிகரெட்டுச் சனியன் அவன் கைக்கு வந்துது. இருமல் போச்சு. ஆளும் போயிட்டான்! நவம்பர்லேர்ந்து இந்தப் பக்கமே தலை காட்டல. அதோ, அந்தப் பச்சைக் காருக்குள்ள ஹீட்டரைப் போட்டுக்கிட்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதறான். நான் இங்க தனியா விறைச்சு நின்னு அவனைத் திட்டறேன்.

யாரு வாங்கிக் குடுத்தாங்கன்னு மட்டும் கேக்காத. ...நான்தான்டி! அவன் பொறந்த நாளுக்கு. எனக்கொண்ணு, அவனுக்கொண்ணு. ரிப்பன் கட்டி வேற!

நேத்து பொறுக்க முடியல. போய் வண்டிக் கண்ணாடியைத் தட்டி, "யோவ், திருப்தியா இருக்கா?"ன்னு கத்தினேன்.

"சுத்தமா இல்ல டோரீன், சப்புனு இருக்கு. நீ குடுத்ததாச்சேன்னு ஊதறேன்"ன்னான்.

"அப்ப கொட்டாய்க்கு வந்து தொலைக்க வேண்டியதுதானே?"

"அங்க வந்தா உன்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிப் பிடிச்சுடுவேன். நீ இங்க வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

பக்கத்து சீட்டைக் காட்டறான். துடைச்சு, கம்பளி விரிச்சு வெச்சிருக்கான்! ரெண்டு மாசமாவாம்! வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?

ஏறி உக்காந்தேன். வெள்ளிக்கிழமை வெளிய சாப்பிடப் போலாமான்னு கேட்டான். யோசிச்சுச் சொல்றேன்னேன். அம்பத்தெட்டு வயசுல யோசிக்க என்னடி இருக்கு! வீட்டுக்குப் போய் மூணு சட்டையை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். இப்ப போய் சரின்னு சொல்லத் தைரியம் வரல, அதான் உன்னைப் பிடிச்சு வெச்சு அளந்துக்கிட்டிருக்கேன்.

ஐயோ, ஹாரன் அடிக்கிறான்! கம்பெனி பூரா கேக்குமே! ...வர்றேன்யா, வர்றேன்! நகரும்மா, நகரு. ஏய், தொப்பி நேரா இருக்கா?