யாருக்கு இந்த வாசனை

ஸோஹ்ரா: அடுப்பை அணைடி!

ஹெல்செம்: இருங்கக்கா, இன்னும் ரெண்டு ரொட்டிதான்...

ஸோஹ்ரா: அணைன்னா அணை! தெரு பூரா எண்ணெய் வாசனை. செத்தவங்களுக்கு வாசனை போய்ச் சேரணும்னுதான் எண்ணெய் ரொட்டி பொரிப்போம்னு காஷ்கர்ல எந்த உய்குர் குழந்தைக்கும் தெரியும். இந்த வீட்டுல யாரு செத்தா?

ஹெல்செம்: விருந்தாளிக்குப் பொரிக்கிறேன்.

ஸோஹ்ரா: யாரு, நம்மள வேவு பாக்க சர்க்கார் கொண்டாந்து நம்ம வீட்டுல படுக்க வச்சிருக்கே, அந்தச் 'சொந்தக்காரி'க்கா?

ஹெல்செம்: மெதுவா... கூடத்துலதான் இருக்கா.

லீ: ஹெல்செம்! வாசனை தூக்குதே... என்ன விசேஷம்?

ஹெல்செம்: உங்களுக்குத்தான் லீ அக்கா!

லீ: அடடே! தட்டுல அழகா அடுக்கு. போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பணும்.

ஸோஹ்ரா: அக்காவாம் அக்கா! அந்தப் போட்டோவப் பாத்து எவனாவது கேள்வி கேட்டா, உன் புருஷன் மாதிரி உன்னையும் 'படிப்பு' முகாமுக்குத் தூக்கிட்டுப் போவான்.

ஹெல்செம்: போகட்டும். ஊருக்கே கணக்கு சொல்லிக்குடுத்த வாத்தியாருக்கு அங்க என்ன படிப்பாம்? துருக்கியில இருக்குற உங்க மகன்கிட்ட, 'சாப்ட்டியாடா'ன்னு போன்ல கேட்டாரு. அது குத்தமா? திருடினாரா? யாரையாவது குத்தினாரா?

ஸோஹ்ரா: கத்தாதடி. படிப்பு முடிஞ்சா விட்டுருவாங்க. என் தம்பி வந்துருவான்.

ஹெல்செம்: வருவாரா?

ஸோஹ்ரா: ...வருவான். உசுரோட இருக்குறவனுக்கு எண்ணெய் காயவைக்கிறியே, கை கூசல?

ஹெல்செம்: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

ஸோஹ்ரா: கண்ணுல புகைடி...

ஹெல்செம்: எங்க புகை? ...அக்கா, வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குக் கூப்ட்டுச் சொல்லிட்டாங்க. மாரடைப்பாம். உடம்பத் தர மாட்டாங்களாம். யாருக்கும் சொல்லக்கூடாதாம், உங்களுக்குக்கூட. அழக் கூடாதாம் அக்கா! புருஷன் போனா அழுறதுக்கும் இவங்க உத்தரவு வேணுமா? குளிப்பாட்ட விடல, தொழுக விடல... இந்த வாசனையாவது அவர்கிட்டப் போகட்டும்னுதான்...

லீ: என்னாச்சு, ரெண்டு பேரும் கிசுகிசுன்னு?

ஸோஹ்ரா: மாவு பத்தலைன்னு சண்டைம்மா!

லீ: ஹ்ஹா... சரி சரி, சீக்கிரம்!

ஹெல்செம்: நீங்க ஏன் அழல அக்கா? உங்க தம்பி செத்துட்டாருன்னு சொல்றேன்...

ஸோஹ்ரா: கரண்டியக் குடு, கருகுது. ...உடம்ப அடையாளம் சொல்ல, அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே என்னைத்தான் கூட்டிட்டுப் போனாங்க. வாயத் தொறந்தா அடுத்து நீதான்னாங்க. அதான் முழுங்கிட்டுக் கெடந்தேன். மாரடைப்புன்னா சொன்னாங்க உன்கிட்ட? மாரடைப்புல செத்தவனுக்கு, பத்து விரல்லயும் நகம் எங்கடி போச்சு?