மீரா சாகிப் பெட்டி

என் கைக்கு ராசி உண்டு என்று எங்கள் பிளாண்டில் எல்லோரும் சொல்வார்கள். ஸ்ரீனிவாசன் சார், அதை நீங்கள் இந்தப் போலீஸ் அதிகாரிக்கு அரபியில் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. விட்டுவிட்டாலும் பரவாயில்லை.

இங்கே ருவைஸ் பக்கம் கந்தகம் பிரிக்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. தொட்டிகளில் விஷவாயு இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் கருவிகள் உண்டு. அவை சொல்லும் சேதி இரண்டு நெட்வொர்க் கேபிள்களில் வரும். ஒன்று செத்தால் மற்றதைக் கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றிவிட ஒரு பெட்டி. அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சிப். தண்டவாளம் மாற்றிவிடுகிற ஆள் மாதிரி. அது படுத்தால் இரண்டு கேபிளும் வீண், கண்ட்ரோல் ரூம் திரை இருண்டுவிடும். அதற்கிருந்த மரியாதை எனக்கு இல்லை. பதினோரு வருஷமாக மேனேஜருக்கு நான் 'ஏ டெக்னீஷியன்'தான்.

2009இல் ஆட்குறைப்பு தொடங்கியது. மாதம் ஒரு லிஸ்ட். ஊரில் என் மனைவி ஹாலிதாவின் அண்ணன்மார் முன்னால் வேலையில்லாமல் போய் நிற்க என்னால் முடியாது.

அந்தச் சமயம் சிப் தானாகவே ஒருமுறை மக்கர் பண்ணியது. அதன் கம்பிக்கால் ஒன்று விட்டுப்போயிருந்தது. ஈயம் வைத்துப் பத்து நிமிஷத்தில் சரிசெய்தேன். மேனேஜர் முதல்தடவையாக 'மீரா சாகிப்' என்றார். அந்த மாத லிஸ்டில் என் பெயர் இல்லை. அப்புறம் லிஸ்ட் வரும் நாட்களில் நானே அந்தக் காலை ஊசியால் லேசாக நிமிர்த்திவிடுவேன். கூப்பிடுவார்கள். புருவத்தைச் சுருக்கி, பெருமூச்சு விட்டு, விரலால் ஒரு அமுக்கு. திரை எரியும். சினிமாவுக்குப் போயிருந்தால் முன்னுக்கு வந்திருப்பேன்.

"பாய், உங்க கை பட்டாத்தான் அது எந்திரிக்குது. நீங்க இல்லேன்னா பிளாண்டே படுத்துரும்" என்று மேனேஜர் காதில் விழும்படி சொல்வான் வேலுச்சாமி. தொட்டி கழுவுகிறவன், சிவகங்கைப் பக்கத்து ஆள். எனக்காகவே அப்படிச் சொல்வான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. ஆரம்பத்தில் திரை இருண்டால் எல்லோரையும் வெளியேற்றினார்கள். ஐந்தாறு தடவைக்குப் பிறகு, 'மீரா சாகிப் பெட்டி' என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். என் பெயர் நிலைக்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன். நிலைத்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு லிஸ்ட் வரவிருந்தது. எட்டு மணிக்கே ஊசி வேலையை முடித்துவிட்டு, கேன்டீனில் வாக்கிடாக்கியோடு உட்கார்ந்திருந்தேன். கண்ட்ரோல் ரூமிலிருந்து கௌஸ் முகம்மது பேசினான்.

"வேலு, ஸ்கிரீன் மாஃபி, ஒண்ணும் தெரியல. மீரா சாகிப் பெட்டிதான், வேற ஒண்ணுமில்ல. நீ தொட்டிக்குள்ள எறங்கு, யல்லா."

"சரிண்ணே, எறங்குறேன்."

'இறங்காதே, நான் வருகிறேன்' என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் கூப்பிடாமல் ஓடிப்போனால் அதற்கென்ன மதிப்பு. மேனேஜர் வாயால் என் பெயர் வர வேண்டும். இன்னொரு டீ சொன்னேன். உள்ளே வாயு இருக்கும் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும். இருக்கலாம் என்று மட்டும் தெரியும்.

இருபது நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார்கள், பெயர் சொல்லியே. ஓடிப்போய் அமுக்கினேன். திரை முழுக்கச் சிவப்பு. அதற்குள் வேலுச்சாமியைக் கயிறு கட்டி மேலே இழுத்திருந்தார்கள். மூச்சு இல்லை. நான் அழுதேன். அது நடிப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

கௌஸ் முகம்மதை விட்டுவிடுங்கள். நிமிர்த்தியது நான், வேலு இறங்குவதைக் கேட்டுக்கொண்டு டீ குடித்ததும் நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், சார். அந்தப் பெட்டியை இப்போது யாரோ புது ஆள் பார்க்கிறானாம். அவனை அதைத் தொடவிடாதீர்கள். என்னை ஒரு பத்து நிமிஷம் அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், கண்டவன் கையில் கொடுக்கக்கூடாது.